மூன்றாம் சேனல்

மேடையில் மேடம் இன்னும் ஆற்றங்கரைப் படத்தில்தான் நிற்கிறார். அதற்கடுத்துத் திரையில் ஏணி. ஏணிக்கடுத்து வரைபடம். வரைபடத்துக்கடுத்து என் கை. இந்த வரிசையை அடுக்கிக் கொடுத்தவனே நான்தான், நேற்று சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து, என் உள்ளங்கையின் படத்தை நானே இழுத்துக்கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்து, திரை கொள்ளுகிற அளவுக்குப் பெரிதாக்கி, தழும்பு நன்றாகத் தெரிகிறதா என்று தள்ளி நின்றுகூடப் பார்த்தேன். அப்போது அப்பா வரப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. இப்போது வந்திருக்கிறார். நடைவழிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல், கழுத்தில் சிறப்பு அழைப்பாளர் என்று எழுதிய அட்டையோடு, முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஸ்வர்ணா செய்த வேலை. மேடம் நடத்துகிற ஏணி அறக்கட்டளையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், மேடத்தின் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, என் பழைய உதவித்தொகை விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு அவளாகவே போன் போட்டு, உங்க பையனைப் பத்தி மேடம் தேசிய மாநாட்டில பேசப் போறாங்க, குடும்பத்தோட ஒரு போட்டோ எடுக்கணும், கோயம்புத்தூர் வந்துருங்க என்று சொல்லியிருக்கிறாள். காலையில் மண்டப வாசலில் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தி, சர்ப்ரைஸ் லோகு அண்ணா என்று கைதட்டினாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். போடியிலயிருந்து ஒரே பஸ்ஸு, நேரா எறக்கி விட்டுட்டான் என்றார். அட்டையைத் தூக்கிக் காட்டி, இதத் திருப்பிக் குடுக்கணுமாப்பா என்று கேட்டார். இல்லப்பா, நீங்களே வச்சுக்கலாம் என்றேன். வைத்துக்கொள்ளட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடம் இந்த மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு என் அப்பா குடிகாரர் என்று சொல்லப்போகிறார், மகனின் புத்தகங்களை அடுப்பில் போட்டவர் என்று சொல்லப்போகிறார், அதில் எதுவும் நடந்ததே இல்லை, அதையெல்லாம் அப்பா அந்த அட்டையை மாட்டிக்கொண்டு கேட்கப்போகிறார்.

மேடம் இங்கிலீஷில் பேசுகிறார், அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதோடு முடிந்திருக்கும். ஆனால் இது தேசிய மாநாடு. மண்டபத்தின் பின்னால் மூன்று கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்து மேடையில் பேசுவதை உடனுக்குடன் மாற்றிச் சொல்கிறார்கள், வாசலிலேயே எல்லோர் கையிலும் ஒரு ஹெட்போனும் சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டியும் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் ஒன்று இங்கிலீஷ், இரண்டு ஹிந்தி, மூன்று தமிழ். தம்பி, தமிழ் எதுல வருது என்று அப்பா பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி இரண்டில் வைத்துக் கொடுத்தேன். இப்படித்தான் இருக்கும்ப்பா, தொடாதீங்க என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அப்பா வேலை பார்க்கிற இடமெல்லாம் இப்போது பீகார்ப் பையன்கள், பலகையைப் பிடி, கம்பியைக் கட்டு, சாப்பிட்டாயா, இந்த அளவுக்கு அவருக்கு ஹிந்தி வரும். அடுப்புக்கு ஹிந்தியில் என்னவென்று அவருக்குத் தெரியுமா. தெரிந்திருக்கும். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் தெரிகிற வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். மேடத்துக்கு முன்னால் பேசிய டெல்லி அதிகாரி புள்ளிவிவரமாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அப்பா ஹிந்தியைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், புரியாத இடத்திலும் மரியாதைக்கு ஆட்டுகிற தலை. சரி, இப்படியே போய்விடும் என்று நினைத்தேன். அப்போதுதான் பக்கத்திலிருந்த ஈரோட்டு வாத்தியார், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவழிந்துகொண்டிருந்த அந்த மனிதர், விழித்துக்கொண்டு அப்பாவின் பெட்டியை எட்டிப் பார்த்தார், ஹெட்போன் மாட்டிய காதுக்குக் கேட்க உரக்கவே பேசினார். ஏனுங்க, ரெண்டுல வச்சுட்டு உக்காந்துக்கிறீங்க, உங்களுக்கு ஹிந்தி வருமுங்களா. அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். பையன் வச்சுக் குடுத்தான், அவனுக்குத் தெரியும்ல. அதென்னுங்க பையன், இங்க கொண்டாங்க. அவ்வளவுதான், ஒரு திருகு. அப்பாவின் முகம் மாறியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, காதுக்குள் யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி. என்னைத் தேடி, கண்டுபிடித்து, நல்லாக் கேக்குது என்று கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன்.

ஏணி வந்துவிட்டது. மேடம் ஏணியைப் பற்றி நிதானமாகப் பேசுவார், ஒவ்வொரு படியும் ஒரு தலைமுறை என்பார், அங்கே கைதட்டல் விழும், காத்திருப்பார். எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். மதுரையில் முதல் தடவை சொன்னபோது சரியாகத்தான் சொன்னார், கட்டட வேலை பார்க்கிற ஒருவரின் மகன், வேலையில் கையைக் கிழித்துக்கொண்டவன், இன்று எங்கள் உதவித்தொகையில் எம்.ஏ. படிக்கிறான். அவ்வளவுதான். பெங்களூரில் அந்தத் தகப்பன் படிக்க வேண்டாம் என்று சொல்கிறவராக ஆனார். போபாலில் புத்தகங்கள் அடுப்புக்குள் போயின, கை நெருப்புக்குள் போயிற்று. டெல்லியில் அவர் கையில் பாட்டில் வந்தது. என் தாத்தா சொல்கிற புலிக்கதையில் புலி ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளரும், நாங்கள் கேட்டால், அது இன்னும் வளர்ற வயசுதானடா என்பார், சிரித்துக்கொண்டு கேட்டே வளர்ந்தவன் நான், கதை என்றால் வளரத்தானே செய்யும் என்று எனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் புலி புதுச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்ததில்லை. டெல்லியிலிருந்து திரும்புகிறபோது ஏர்போர்ட்டில் மேடத்திடம் மெதுவாகச் சொன்னேன், மேடம், அப்பா குடிக்க மாட்டார். மேடம் என் தோளில் கையை வைத்தார். எனக்குத் தெரியாதா கண்ணா, ஒரு வில்லன் இல்லேன்னா ஜனங்களுக்குப் புரியாது, இதைக் கேட்டுட்டு எத்தனை பேர் ஃபண்ட் அனுப்பறாங்க தெரியுமா, உனக்குப் பின்னாடி எத்தனை லோகேந்திரன் வரணும். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஹாஸ்டலுக்கே கஞ்சி கொடுத்தனுப்பியவர். இன்று காலையிலும் ஓய்வறைக்குப் போய்ச் சொன்னேன், மேடம், அப்பா வந்திருக்கார். என் குரல் எப்போதும் இப்படித்தான், பக்கத்தில் இருப்பவரின் காதைத் தாண்டாது. மேடத்துக்கு யாரோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள், யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓ, வெரி நைஸ், அப்புறமாப் பாக்கறேன் என்றார். அவருக்கு அது உறைக்கவே இல்லை. கதையில் வருகிற தகப்பனும் பஸ் ஏறி வருகிற தகப்பனும் அவருக்கு வேறு வேறு ஆள்.

வரைபடம். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. உள்ளங்கை வேர்க்கிறது, தழும்பு மட்டும் வேர்க்காது, அங்கே தோல் வழவழப்பாக, யாருடையதோ மாதிரி இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் போன் வாங்குவதற்காக நானாகத்தான் கேட்டு அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். கான்கிரீட் இறுகிய பிறகு அடியில் முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரிக்க வேண்டும். ஆணிய மொதல்ல பாருடா என்று அப்பா அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார், நான் பார்க்காமல் பிடித்தேன், பலகை சரிந்தது, ஆணி கையோடு வந்தது. அப்பா சாரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, இறங்கியதை நான் பார்க்கவில்லை, தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றி என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் போகிறபோது முழுக்க, கைய எறக்காத, மேலயே வச்சுக்க, எறக்காத லோகு, எறக்காத. அவர் முதுகில் என் ரத்தம் வழிந்தது. தையல் போட்ட பிறகு டீக்கடையில், எனக்குப் பன்னைப் பாலில் நனைத்துக் கொடுத்துக்கொண்டே, நீ இந்தப் பக்கம் இனிமே வராத, காலேஜுல எந்தப் படிப்பு வேணும்னாலும் சேரு என்றார். என்னைப் படிக்க அனுப்பியது அந்தக் கைதான், மேடம் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பெங்களூரிலும் போபாலிலும் டெல்லியிலும் மேடம் சொன்னதும் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். தூக்கும்போதெல்லாம் அப்பாவின் குரல் கேட்கும், எறக்காத. இறக்காமல் நின்றேன். கைதட்டினார்கள்.

மடியில் கிடந்த ஹெட்போனை எடுத்துப் பாதி மாட்டிக்கொள்கிறேன், மூன்றில் வைக்கிறேன். இடது காதில் மண்டபத்து இங்கிலீஷ், வலது காதில் தமிழ். அப்பா கேட்பதை நானும் கேட்க வேண்டும். தமிழ்ப் பெண்ணின் குரல் இளமையாக, கொஞ்சம் ஜலதோஷத்தோடு, அரை வாக்கியம் பின்னால் ஓடிவருகிறது. அப்படியென்றால் மேடம் சொன்னதற்கும் அப்பா கேட்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அதற்குள் ஓடிப்போய் அவர் காதிலிருந்து அதைப் பிடுங்க முடியுமா, நடைவழியில் கேமராக்காரர் நிற்கிறார், வயர் கிடக்கிறது. மின்சாரம் போகட்டும். மேடத்துக்கு இருமல் வரட்டும். போகவில்லை, வரவில்லை, திரை மாறிவிட்டது. கை. ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு என் கை, ரேகையெல்லாம் வாய்க்கால் மாதிரி. அப்பாவைப் பார்க்கிறேன். அப்பா திரையைப் பார்க்கிறார். கையை மட்டும் வைத்து யாருக்குத்தான் ஆளைத் தெரியும், அவர் தையல் போட்ட கையைத்தான் பார்த்தார், ஆறிய பிறகு நான் ஊரில் அதிகம் இருக்கவில்லை. ஒரு பையன் என்று மேடம் தொடங்குகிறார். மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துப் பையன், என்கிறது வலது காது. அவன் தகப்பன் கூலி, கூலியைக் குடித்துத் தீர்ப்பவர். இடது காதில் வந்துவிட்டது. வலது காதில் இன்னும் இல்லை. இன்னும் இல்லை. அவனுடைய தந்தை, வாங்குகிற கூலியையெல்லாம், மதுவுக்கே செலவிடுபவர். அப்பா ஈரோட்டு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். வாத்தியாரும் தலையை ஆட்டுகிறார். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று இரவு, அந்தத் தந்தை, மகனின் புத்தகங்களை எடுத்து, எரிகிற அடுப்பில் போட்டார். ப்ச். அப்பாவின் வாய் அசைந்தது தெரிகிறது. இப்பிடியும் இருக்காய்ங்கல்ல என்று வாத்தியாரிடம் சொல்கிறார், ஹெட்போன் மாட்டியிருப்பதால் சத்தம் தெரியாமல் உரக்கவே சொல்லிவிடுகிறார், முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். அப்பாவுக்கு அது வேறு யாரோ. பேரைச் சொல்லாமல் போய்விட்டால், இன்றைக்கு மட்டும் நேரமில்லாமல் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டால், அப்பா அந்தத் தகப்பனைத் திட்டிக்கொண்டே சாப்பிடப் போவார், போட்டோ எடுத்துக்கொள்வார், பஸ் ஏறுவார், ஒரு பாவிப்பயலப் பத்தி அந்தம்மா சொன்னாங்க என்று அம்மாவிடம் சொல்லுவார். பையன் நெருப்புக்குள் கையை விட்டான் என்கிறது தமிழ். அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தப் பையனுக்காக என் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார்.

அந்தப் பையன் இங்கே இருக்கிறான் என்கிறார் மேடம். லோகேந்திரன், எழுந்திரு, உன் கையைக் காட்டு. பேருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அரை வாக்கியம் பின்னால் எல்லாம் இல்லை, மேடையிலிருந்து நேராக அப்பாவின் நெஞ்சுக்குப் போய்விட்டது. கேமரா என்மேல் திரும்புகிறது, கால்கள் பழக்கத்தில் எழுந்துவிட்டன, கை எழவில்லை, மடக்கி வைத்திருக்கிறேன், நகம் தழும்பில் குத்துகிறது. திரும்பிப் பார்க்கிறேன். அப்பாவும் எழுந்து நிற்கிறார். பேர் சொன்னதும் நீங்களும் எந்திரிங்கப்பா என்று ஸ்வர்ணா சொல்லி வைத்திருக்கிறாள், சொன்னதைச் செய்கிறவர், எழுந்துவிட்டார், எழுந்த பிறகுதான் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது போல, முகத்தில் ஒன்றுமே இல்லை, கும்பிட எடுத்த கைகள் பாதியில் நிற்கின்றன. வாத்தியார் அவரை அண்ணாந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு, மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து அப்பா இல்லாத பக்கம் வைத்துக்கொள்கிறார். ஸ்வர்ணா மைக்கோடு ஓடுகிறாள், மேடம், லோகு அண்ணாவோட அப்பாவும் வந்திருக்காங்க. மண்டபம் ஓவென்று மூச்சு விடுகிறது. மேடம் திகைத்தது ஒரு நொடிதான், எத்தனை மேடை பார்த்தவர், குரல் தழுதழுக்க, பாருங்கள், கல்வி பையனை மட்டுமா மாற்றியது, அந்தத் தகப்பனையும் மாற்றி இந்த அரங்கம்வரை அழைத்து வந்திருக்கிறது என்கிறார். கைதட்டல். எழுந்து நின்றுகூடத் தட்டுகிறார்கள், என் அப்பாவை மன்னிக்கிறார்கள். தமிழ்ப் பெண் அதையும் சொல்கிறாள், ஜலதோஷக் குரலில், அவளும் நெகிழ்ந்துபோய்ச் சொல்கிறாள். அப்பா ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். ஸ்வர்ணா மைக்கை அவர் வாய்க்கிட்டே வைக்கிறாள், ரெண்டு வார்த்தை சொல்லுங்கப்பா. அப்பா என்னைப் பார்க்கிறார். கோபமாகப் பார்க்கலாம். ஏன்டா என்று பார்க்கலாம். அப்படியெல்லாம் இல்லை, முட்டுக்கொடுத்த கம்பு தாங்குமா என்று தட்டிப் பார்க்கிறபோது பார்ப்பாரே, அந்தப் பார்வை, இதை எடுத்தால் என்ன விழும், யார்மேல் விழும் என்று. எனக்குப் புரிந்துவிடுகிறது. நான்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறார். உதவித்தொகைக்காக, படிப்புக்காக, பெற்ற மகன்தான் இந்தக் கதையைக் கட்டிக் கொடுத்திருக்கிறான் என்று நினைக்கிறார். இல்லப்பா, நான் இல்லப்பா, உதடு மட்டும் அசைகிறது. அப்பா மைக் பக்கம் குனிகிறார். ஆமாங்க என்கிறார். அந்தம்மா சொன்னது சரிதானுங்க. அப்ப புத்தியில்லாமச் செஞ்சுட்டேன். பையன்மேல தப்பில்லீங்க, அவன் நல்லாப் படிப்பான். கைதட்டல் இன்னும் பெரிதாக எழும்புகிறது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அவருக்கே இப்போது அது நடந்ததாகிவிட்டது, ஒப்புக்கொள்ள ஆளும் வந்தாகிவிட்டது, இனி எந்த ஊரில் சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லுவார். அப்பா உட்காரப் போகிறார். நாற்காலியின் கைப்பிடியைத் தேடுகிறது அவர் கை, தேடிக் கிடைக்காமல் காற்றில் துழாவுகிறது. அவர் உட்கார்ந்துவிட்டால் முடிந்துவிடும், அந்த நாற்காலியிலிருந்து இனி எழுந்திருக்க மாட்டார், ஊருக்குப் போனாலும் அதில்தான் உட்கார்ந்திருப்பார். நான் நடக்கிறேன் போலிருக்கிறது, கேமராக்காரர் நகர்கிறார், காலில் வயர் தட்டுகிறது, காதிலிருந்து ஹெட்போன் விழுந்து தரையில் இழுபடுகிறது, ஸ்வர்ணா சிரித்துக்கொண்டே வழிவிடுகிறாள், கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்து எல்லோரும் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஸ்வர்ணாவின் கையிலிருந்து மைக்கை எடுக்கிறேன். என் குரலுக்கு எவ்வளவு கிட்டே வைக்க வேண்டுமோ அவ்வளவு கிட்டே, இரும்பு உதட்டில் பட, வைத்துக்கொள்கிறேன்.

அப்பா, உக்காராதீங்க.

மண்டபம் முழுக்கக் கேட்கிறது. கைதட்டல் தானாக அடங்குகிறது. மேடையில் மேடம் புன்னகையோடு தலையை ஆட்டி என்னைப் பேசச் சொல்கிறார். அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்கிறார், கையைத் தாழ்த்தி அசைக்கிறார், போதும் லோகு, விட்ரு. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன், உட்கார விடாமல்.

எங்க வீட்ல யாரும் எந்தப் புஸ்தகத்தையும் எரிக்கல, மேடம்.